திரையில் காட்டிய முகம்

அப்பாவின் கன்னத்திலிருந்த புற்றுக்கட்டி உடைந்து புண்ணாகத் திறந்துகொண்ட நாளில் அவள் குளியலறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். இத்தனைக்கும் அவள் ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஊரார் அழுக்கெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். குடித்துவிட்டுக் கக்கிய விரிப்பு, குழந்தை நனைத்த மெத்தை உறை, யாருடையது என்று தெரியாத ரத்தக்கறை, எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை. அப்பாவிடமிருந்து வந்த வாடை அந்த வகையில் சேராது. அழுகிய பழத்தின் இனிப்பு அதில் இருந்தது. துணியில் ஒட்டியது, தலைமுடியில் ஒட்டியது, சாப்பாட்டில்கூட வந்து உட்கார்ந்துகொண்டது.

மருத்துவமனையில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஒரு நர்ஸ் மட்டும், மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் குறையும் என்று சொல்லி, கட்டுப் போடும் விதத்தையும் காட்டிக்கொடுத்தாள். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, கட்டை அவிழ்த்து, உப்புநீரால் கழுவி, தூள் தூவி, புதுக் கட்டுப் போடுவாள். முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தாள். பிறகு பேசிக்கொண்டே செய்தாள். தாடை பாதி போய்விட்டதால் அப்பாவின் பேச்சில் எழுத்துகள் வழுக்கி விழும். வேறு யாருக்கும் விளங்காது, அவளுக்கு விளங்கும்.

அவள் கணவன் அப்பாவின் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

அவன் போதகன். அவன் நடத்திய சபை ஒரு காலத்தில் அப்பாவின் சபை. அப்பா வாழ்நாளெல்லாம் அங்கே பிரசங்கம் செய்தார். சத்தம் போடாத, கொஞ்சம் தூக்கம் வரவழைக்கிற பிரசங்கம். வருகிற கூட்டம் நாலு வரிசையைத் தாண்டாது. வயதானதும் மாப்பிள்ளை கையில் ஒப்படைத்துவிட்டு, சபைக் கூடத்துக்குப் பின்னால் இருந்த வீட்டிலேயே அடுப்படி ஓரத்து அறைக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வந்ததும் கூடம் அடையாளம் தெரியாமல் மாறிப்போனது. பெரிய திரை வந்தது, ஆள் உயர ஸ்பீக்கர் வந்தது, கலர் விளக்கு வந்தது. கூட்டமும் வந்தது. நாற்காலி போதாமல் ஜனம் நடைபாதையில் நின்றது.

அவனுக்குக் கைவந்த பொருள் தீர்க்கதரிசனம். மேசியா எந்த ஊரில் பிறப்பார், எந்த வம்சத்தில் வருவார், எதன்மேல் ஏறி நகரத்துக்குள் நுழைவார், எத்தனை காசுக்குக் காட்டிக்கொடுக்கப்படுவார், அவருடைய உடைக்கு யார் சீட்டுப் போடுவார்கள் என்று பழைய ஏற்பாட்டில் சொன்னவற்றையெல்லாம் ஒரு பக்கம் எழுதுவான். புதிய ஏற்பாட்டில் அது நடந்த இடத்தை மறுபக்கம் எழுதுவான். நடுவில் சிவப்பு மையால் 'சரி' போடுவான். ஒவ்வொரு 'சரி'க்கும் கூட்டம் கை தட்டும்.

நோய் முற்றாத காலத்தில் அப்பா இதைக் கேட்டுவிட்டு, சாப்பிடும்போது மெதுவாகச் சொல்வார், மளிகைக்கடைச் சீட்டில் வாங்கின சாமானை அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று. அவன் சிரித்துக்கொண்டே, அப்படியானால் மாமா இதையெல்லாம் நம்பவில்லையா என்று மடக்குவான். நம்புகிறேன் என்பார் அப்பா. பயந்துபோன ஒரு ராஜாவுக்குத் தீர்க்கதரிசி ஒரு குழந்தையை அடையாளமாகச் சொன்னான் என்றால், அந்த வார்த்தை முதலில் அந்த ராஜாவுக்குத்தானே ஆறுதல்? எழுநூறு வருஷம் கழித்து வரப்போவதைச் சொல்லி அன்றைக்கு நடுங்குகிறவனை எப்படித் தேற்ற முடியும்?

"அந்த வார்த்தை, பிள்ளை வளருவான்னு கொஞ்சம் பெரிசாத் தைக்கிற சட்டை மாதிரி, மாப்பிள்ளை. அன்னிக்கே போட்டுக்கலாம். ஆனா தோளும் கையும் சரியா நின்னது ஆண்டவரு ஒருத்தருக்குத்தான்."

அவனுக்கு அது பிடிக்காது. சட்டைக் கதையெல்லாம் சொன்னால் ஜனம் குழம்பும் என்பான். ஜனத்துக்கு ஒரே கேள்வி, ஒரே பதில் வேண்டும். அவள் இரண்டு பேருக்கும் தண்ணீர் ஊற்றுவாள். அப்போதெல்லாம் அவளுக்குக் கணவன்மேல் பெருமைகூட உண்டு.

புண் திறந்த பிறகு அந்தப் பேச்செல்லாம் நின்றுபோனது. அவன் அந்த அறையைத் தாண்டும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வான். ஒரு நாள் வாசனை ஸ்பிரே டப்பா ஒன்றை வாங்கிவந்து, கதவின் அடியிடுக்கில் குழாயை வைத்து, உள்ளே ஓர் அமுக்கு அமுக்கினான். உள்ளே அப்பா இருமி இருமி ஓய்ந்தார். மல்லிகை வாசனையும் சீழ் வாடையும் சேர்ந்து வீடு முழுக்கப் பரவியது. அன்றைக்குத்தான் அவளுக்கு வேறோர் அருவருப்பு பிறந்தது. புண்ணின் மேல் அல்ல. குனிந்து, பின்பக்கம் தூக்கி, கதவிடுக்கில் குழாயைச் செருகிக்கொண்டிருந்த அந்த உருவத்தின் மேல்.

அதைப் பற்றி அவள் கேட்டதற்கு, வீட்டுக்கு நாலு பேர் வந்துபோகிறார்கள், போதகர் வீடு நாறலாமா என்று கேட்டான்.

இந்த நிலையில் ஒரு நாள் மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஒரு தெளிவு. கட்டு அவள் போட்ட மாதிரி இல்லை, கோணலாக இருந்தது.

"மாப்பிள்ளை வந்தாரு," என்றார்.

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. எங்கே என்று கேட்டாள்.

"இங்கதான். உள்ள வந்து, இதோ இந்த ஸ்டூல்ல உக்காந்தாரு. புண்ணைக் காட்டுங்க மாமா, பாத்து ஜெபம் பண்ணணும்னாரு. நானே அவுத்தேன். போன் லைட்டை அடிச்சு நல்லாப் பாத்தாரு. மூஞ்சியத் திருப்பிக்கல, பாப்பா."

அவள் கட்டைச் சரிசெய்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கணவனைப் பற்றி இத்தனை நாள் மனதுக்குள் திட்டியதையெல்லாம் நினைத்துக் கூச்சமாக இருந்தது. அன்றைக்கு அவனுக்குப் பிடித்ததைச் சமைத்தாள். அவன் சாப்பிடும்போது, அப்பா சொன்னார், ரொம்ப சந்தோஷப்பட்டார் என்றாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், ம் என்றான். அடக்கம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் அவனுடைய தொடர் கூட்டத்தின் நிறைவு நாள். மாலை நேரம். கூடம் பிதுங்கியது. அவள் வழக்கம்போல முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைய பொருள், துன்பப்படும் ஊழியனைப் பற்றித் தீர்க்கதரிசி சொன்ன பகுதி: அழகில்லாதவன், அசட்டை செய்யப்பட்டவன், பார்க்கச் சகிக்காமல் ஜனங்கள் முகத்தை மறைத்துக்கொள்ளும்படி ஆனவன். அவன் குரலை இறக்கி, நனைத்து, உடைத்துப் பேசினான். பின்னால் மெல்லிய இசை ஓடியது.

"அந்த முகம் எப்படி இருந்திருக்கும்னு என்னைக்காவது நினைச்சிருக்கீங்களா? இன்னிக்கு உங்களுக்குக் காட்டப் போறேன்," என்றான்.

விளக்கு அணைந்தது. திரையில் அப்பா வந்தார்.

சுவரளவு முகம். கட்டில்லாமல், போன் வெளிச்சத்தில் ஈரம் மினுமினுக்க, கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. பல்வரிசை பக்கவாட்டில் தெரிந்தது. கூட்டத்திலிருந்து ஓர் ஓசை எழும்பியது, ஒரே ஆளின் தொண்டையிலிருந்து வந்ததுபோல. ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். முன்வரிசையில் பக்கத்தில் இருந்தவள் சேலைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தீங்களா?" அவன் குரல் ஸ்பீக்கரில் இடித்தது. "மறைச்சுக்கிட்டீங்க. இதோ, இந்த நிமிஷம், உங்க கண்ணு முன்னால வசனம் நிறைவேறிச்சு."

கை தட்டினார்கள். கண்ணை மூடியிருந்த கையை எடுத்துத் தட்டினார்கள்.

வீடியோவின் குரலை அணைத்துவிட்டு இசையைப் போட்டிருந்தார்கள். திரையில் அப்பாவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. கூடத்தில் வேறு யாருக்கும் அது வெறும் அசைவு. அவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. "சாப்பிட்டீங்களா, மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அப்பா.

அவள் எழுந்தாள். மேடைக்குப் போகவில்லை. கூடத்தின் ஓரமாக நடந்து, கம்ப்யூட்டர் மேசைக்குப் போய், அங்கே இருந்த பெண்ணைத் தாண்டிக் கையை நீட்டி, திரைக்குப் போகிற வயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கினாள். திரை நீலமாகிப் பிறகு கறுத்தது.

மேடையில் அவன் ஒரு கணம்தான் தடுமாறினான்.

"சத்துரு வயரைத்தான் பிடுங்குவான், வசனத்தைப் பிடுங்க முடியாது!" என்றான். கூடம் அதிர ஆமென் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்து மேடைக்குப் பின்னாலிருந்த சிறிய அறைக்குள் அவள் போனபோது, அவன் வியர்த்த சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு நின்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தான். முகம் சிவந்து, வயிறாரச் சாப்பிட்டவனைப் போல் இருந்தான்.

யாரைக் கேட்டு எடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"மாமாதான் கட்டை அவுத்துக் காட்டினாரு. நான் ஒண்ணும் திருடல."

"ஜெபம் பண்ணணும்னு சொன்னீங்க."

"பண்ணேனே. அப்புறமாப் பண்ணேன்." கோப்பையைக் கீழே வைத்தான். "எத்தனை பேரு முன்னால வந்து அழுதாங்க, பாத்தியா? உங்கப்பா ஆயுசு பூரா பேசி இத்தனை பேரை அழ வெச்சிருக்காரா? அவரு கஷ்டம் ஒரு பிரயோஜனத்துக்கு வந்துச்சுன்னு நினை."

அவள் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. கிட்டே வந்து, ரகசியம் பேசுகிற குரலில் சொன்னான்.

"எனக்கு மட்டும் லேசா இருந்துச்சுன்னு நினைக்காத. மூச்சை அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். வெளிய வந்து ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். தொடக்கூட இல்ல, இருந்தும் கழுவினேன்."

அவன் கையை அவள் தோளில் வைத்தான். அவளுக்கு உடம்பு முழுக்கப் புழு ஊர்ந்ததுபோல் இருந்தது. சலவைக்கூடத்தில், புண்ணுக்குப் பக்கத்தில், எங்கேயும் இப்படி இருந்ததில்லை. அந்தக் கையை இரண்டு விரலால் எடுத்து அப்பால் விட்டாள்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தாள். சபையார் அதற்கும் விடவில்லை. மறுநாள் காலையில் அவள் கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. சபையைச் சேர்ந்த நாலைந்து பேர். ஒருத்தி கையில் பூங்கொத்து. எல்லார் முகத்திலும் மிருகக்காட்சிசாலைக்கு வந்த ஆவல்.

"பாஸ்டரம்மா, நேத்து காட்டுனாங்களே, அந்த ஐயா உங்க வீட்டுலதான் இருக்காராமே, ஒரு தடவை நேர்ல பாக்கலாமா? தொந்தரவு பண்ண மாட்டோம். ஜன்னல் வழியாப் பாத்தாக்கூடப் போதும்."

அவர்களில் மூன்று பேர் அப்பாவின் கையால் ஞானஸ்நானம் பெற்றவர்கள். திரையில் பார்த்தது யாரை என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி வந்தபோது அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் கோளாறு ஒன்றும் இல்லையே.

சொன்னாள். போன் வெளிச்சம் எதற்கு என்பதிலிருந்து வயரைப் பிடுங்கியது வரை எல்லாம் சொன்னாள்.

"முழுசாவா காட்டினாங்க?" என்று கேட்டார்.

"முழுசாத்தான், அப்பா."

அவர் துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அன்று முழுக்கக் கட்டு மாற்ற விடவில்லை. அவள் கெஞ்சினாள், அதட்டினாள். துண்டை இறுகப் பிடித்துக்கொண்டார். இத்தனை மாதம் அவளிடம் கூசாமல் காட்டிய முகத்தை இப்போது அவளிடமும் மூடிக்கொண்டார். துண்டு நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தது. அறையில் வாடை கனத்தது. அவள் அந்த வாடைக்குள்ளேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

சலவைக்கூடத்தில் அவளுக்கு மேலாளாக இருந்தவளை எல்லாரும் நெட்டையக்கா என்பார்கள். கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் அவள் எங்கேயும் நுழைந்ததில்லை. கோயில், சபை எதிலும் ஒட்டாதவள். வேலைக்கு ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஒரு வசவு சொன்னாள், போதகனின் பிறப்பைப் பற்றி. பிறகு, என் வீட்டுப் பின்னறை காலியாகத்தான் கிடக்கிறது, துணி வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன், அப்பாவைத் தயாராக வை என்றாள்.

விரிப்பு மூட்டைகளுக்கு நடுவில் மெத்தையோடு அப்பாவைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். போதகன் கதவருகில் நின்று, ஊர் என்ன பேசும், யோசித்தாயா என்று கேட்டான். நெட்டையக்கா வண்டிக் கதவை அவன் மூக்குக்கு நேராகச் சாத்தினாள்.

புது அறையில், வந்த அன்றே அப்பா துண்டை எடுத்தார். நெட்டையக்கா கரண்டியில் கஞ்சியோடு எதிரில் உட்கார்ந்து, "பெரியவரே, எங்க ஹோட்டல்ல தேனிலவுக்கு வந்தவங்க விட்டுட்டுப் போற விரிப்பை நீங்க பாத்ததில்ல. பாத்தா இந்தப் புண்ணெல்லாம் புனிதம்னு சொல்வீங்க" என்றாள். அப்பாவின் தோள் குலுங்கியது. சிரித்தால் வலிக்கும், இருந்தும் சிரித்தார்.

சபையில் பழைய போதகர் எங்கே என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள் போல. ஒரு நாள் பிற்பகல் அவள் கணவன் வந்தான். கையில் ஆப்பிள் பை. பாதித் தாடை இல்லாத மனிதருக்கு ஆப்பிள். அவள் வெளியிலேயே நிறுத்தியிருப்பாள். அப்பாதான் வரச் சொல்லு என்றார்.

அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். கைக்குட்டையை வெளியே எடுக்காமல் சட்டைப்பைக்குள்ளேயே கசக்கிக்கொண்டிருந்தான். நடந்தது தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்டது, தன் மனதில் கெட்ட எண்ணம் இல்லை, இருவரும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றான். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பேசினார். அவனுக்கு விளங்காத இடங்களை அவள் திருப்பிச் சொன்னாள்.

"அன்னிக்கு வசனம் நிறைவேறிச்சுன்னு சொன்னீங்களாமே. நிறைவேறல, மாப்பிள்ளை. நீங்க நிறைவேத்தினீங்க. சிலுவைக்குக் கீழ சீட்டுப் போட்ட சிப்பாய்க்கு வசனம் தெரியாது. தெரிஞ்சு பண்ணியிருந்தா அது நாடகம்."

வாதம் என்றதும் அவனுக்குள் பழைய உற்சாகம் எட்டிப்பார்த்தது. முன்னால் சாய்ந்தான்.

"கழுதையை அவிழ்த்துட்டு வாங்கன்னு ஆண்டவரே சொல்லி அனுப்பினாரே, மாமா? வசனம் தெரிஞ்சுதானே பண்ணாரு? அதையும் நாடகம்னு சொல்வீங்களா?"

நல்ல கேள்விதான். அப்பாவும் அதை ஒப்புக்கொள்வதுபோல் தலையை ஆட்டினார். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். எச்சில் வழிந்தது. அவள் துடைத்தாள்.

"கழுதை மேல அவரு ஏறினாரு. வேற ஒருத்தனை ஏத்தி விட்டுட்டு இவரு ஓரமா நின்னு கை காட்டல."

இதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனுக்கே விளங்கியிருந்தது. அப்பா மேலும் சொன்னார், மூச்சு வாங்க.

"அந்த அதிகாரத்துல பேசுறது யாருன்னு பாருங்க. அந்த ஊழியன் பேசல. முகத்தை மறைச்சுக்கிட்டவங்க பேசுறாங்க. நாங்க தப்பா நினைச்சுட்டோம்னு அழறாங்க. நீங்க அந்த இடத்துல நின்னு பிரசங்கம் பண்ணியிருக்கலாம். என் அறைப்பக்கமே வராத உங்களுக்கு அது வாய்ச்சிருந்தது."

அவன் ஆப்பிள் பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு எழுந்தான். பிறகு, ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பட்டுமா என்று கேட்டான். அப்பா வேண்டாம் என்று கையசைத்தார். கோபமாக அல்ல, களைப்பாக. அவன் போன பிறகு அவள் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியை வெளியே எடுத்துப்போய், சோப்புத்தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். அது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தேய்த்தாள். ஆப்பிள்களை நெட்டையக்கா தெருவில் விளையாடிய பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

இணையத்தில் போட்டிருந்த அந்த வீடியோவை அன்று மாலையே அவன் நீக்கிவிட்டான் என்று கேள்விப்பட்டாள். அதற்குள் யார் யார் போனிலோ அது போய்ச் சேர்ந்திருந்தது. ஹோட்டலில் சமையல்காரன் ஒருவன் அதை அவளிடமே காட்ட வந்தான், தெரியாமல்தான்.

மழை தொடங்கிய வாரத்தில் ஒரு காலையில் அப்பா இறந்தார். கட்டு மாற்றி முடித்து அவள் கை கழுவி வருவதற்குள். பெட்டியை மூடியே வைக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். பக்கத்து ஊரிலிருந்து அவருடைய கூட்டாளியான ஒரு முதிய போதகர் வந்து சுருக்கமாக ஜெபித்தார். தீர்க்கதரிசனம் எதையும் எடுக்கவில்லை. நல்ல மனிதர், நல்ல நண்பர் என்றார்.

கணவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அழுதான். மைக் இல்லாமல், இசை இல்லாமல், மூக்கு ஒழுக அழுதான். அது நிஜமான அழுகையாகவே இருக்கலாம். அவளுக்கு அதைப் பார்க்கக் குமட்டியது. நிஜமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று இருந்தது.

பெட்டியைத் தூக்க ஆள் குறைந்தது. சலவைக்கூடத்திலிருந்து வந்த மூன்று ஆண்கள், முதிய போதகரின் மகன். இன்னும் இரண்டு பேர் வேண்டும். நெட்டையக்கா ஒரு கைப்பிடியைப் பிடித்தாள். அடுத்ததை அவள் பிடித்தபோது கணவன் எழுந்து வந்து அந்தக் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றான். கேட்கவில்லை, கையும் நீட்டவில்லை. நின்றான்.

நெட்டையக்கா அவளைப் பார்த்தாள். சொன்னால் போதும், துரத்திவிடத் தயாராக இருந்தாள்.

அவள் கைப்பிடியை விட்டு விலகினாள். "பிடிங்க," என்றாள் அவனிடம். பிறகு பெட்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய், அங்கே இருந்த ஆளை நகரச் சொல்லிவிட்டு, அப்பாவின் தலைப்பக்கத்தைத் தூக்கினாள்.